ஒஹையோ 49.50, மிசிசிப்பி 41.25

கேள்வி: கறுப்பர்களுக்குப் பிறவியிலேயே அறிவு மட்டு என்று சொல்லித்தானே அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல்கலைக்கழகக் கதவை அடைத்து வைத்தார்கள்? அங்கே படித்த வெள்ளை மாணவர் ஒருவராவது தங்கள் பத்திரிகையில் எதிர்த்து எழுதவில்லையா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: எழுதினார்கள், அம்மா. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் ஏடு ‘மிசிசிப்பியன்’. தகுதியுள்ள கறுப்பர்களைச் சட்டப் படிப்பில் சேர்க்க வேண்டும் என்று 1950-ல் அதன் ஆசிரியர் ஆல்பின் கிரெப்ஸ் எழுதினார். அவர் தங்கியிருந்த விடுதிக்கு எதிரே சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள்; வெள்ளை இனவெறியர்கள் மிரட்டும் முறை அது.

1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பர் அங்கே சேர வந்தபோது, செப்டம்பர் 30 இரவு கலவரம். இரண்டு பேர் செத்தார்கள். அப்போது ஏட்டின் ஆசிரியர் சிட்னா பிரவர் என்ற மாணவி. உங்கள் வயதுதான் இருக்கும். ‘வன்முறை உதவாது’ என்று தலையங்கம் எழுதினார். மெரிடித்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட அதில் இல்லை. கலவரத்தில் இறங்குவது பல்கலைக்கழகத்துக்கும் மாநிலத்துக்கும் அவமானம் என்றார், அவ்வளவுதான். அதையே பொறுக்காத மாணவர் பேரவை அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 2002-ல்தான் அதை விலக்கிக்கொண்டது. ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது அச்சுக்குக் கொடுத்த அந்தச் சில வரிகளை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

‘அறிவு மட்டு’ விஷயத்துக்கு வருகிறேன். உளவியல் வகுப்பில் கரும்பலகையில் ஆறு எண்களை எழுதுவேன்: 41.25, 41.50, 41.55, 45.02, 47.35, 49.50. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுத் தேர்வின் இடைநிலை மதிப்பெண்கள் இவை. மூன்று வெள்ளையருடையவை, மூன்று கறுப்பருடையவை; எது யாருடையது என்று கேட்பேன். சொல்லிவைத்தாற்போல் முதல் மூன்றையும் கறுப்பர் கணக்கில்தான் போடுவார்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதுவேன். தெற்கே மிசிசிப்பி, கென்டக்கி, ஆர்கன்சா வெள்ளையர். வடக்கே நியூயார்க், இல்லினாய், ஒஹையோ கறுப்பர். வகுப்பு சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே மாநிலத்துக்குள் பார்த்தால் வெள்ளையர் எண் மேலேதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்த பணமும் அப்படித்தான் பிரிந்திருந்தது: தெற்கைவிட வடக்கில் அதிகம், கறுப்பரைவிட வெள்ளையருக்கு அதிகம். தோலை வைத்து அளந்தால் இந்த ஆறும் பொருந்தாது, பள்ளியை வைத்து அளந்தால் பொருந்தும்.

ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் 1943-ல் இந்தக் கணக்கைச் சின்னப் பிரசுரமாகப் போட்டார்கள். ராணுவத்தில் அதை விநியோகிக்கக் கூடாது என்று நாடாளுமன்றக் குழு ஒன்று தடுத்தது. அதன் தலைவர் கென்டக்கிக்காரர்.