காயமே இல்லாத காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் ஏன் குறைகின்றன? ரத்தத்தை உறைய வைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை உண்டா?

தம்பிக்கு டெங்கு வந்து பிளேட்லெட் (தட்டணு) கவுன்ட் 38,000-க்கு இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டுக்காயத்தை அடைக்கிற அணு, எங்கும் வெட்டுப்படாதபோது எங்கே போய்ச் செலவாகிறது என்பது உங்கள் சந்தேகம். காயம் இல்லாவிட்டாலும் அதற்கு வேலை இருக்கிறது. கிருமியைப் பிடிக்கிற வேலை.

நான் மருத்துவமனை லேபில் 14 வருடமாக இருக்கிறேன். மெஷின் கவுன்ட்டைக் குறைவாகக் காட்டினால் ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, ஆயில் லென்ஸில் பார்ப்போம். சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாப் பொடியைத் தூவினாற்போல் தெரிபவைதான் தட்டணுக்கள். லென்ஸில் ஒரு வட்டத்துக்குச் சராசரியாக எத்தனை என்று எண்ணி 15,000-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கவுன்ட் வந்துவிடும். டெங்கு சீசனில் ஒரு வட்டத்தில் மூன்று இருக்கும், அடுத்ததில் ஒன்றுகூட இருக்காது. தேடித் தேடித்தான் எண்ண வேண்டும்.

இவை 2, 3 மைக்ரோமீட்டர் அளவே உள்ளவை. உட்கரு கிடையாது. ஆயுள் பத்து நாளைத் தாண்டாது. ஆனால் பாக்டீரியாவின் மேலோட்டை அடையாளம் காணும் டோல் வகை ஏற்பிகள் வெள்ளையணுக்களுக்கு இருப்பதுபோல இவற்றுக்கும் உண்டு. ரத்தத்தில் வெள்ளையணு மைக்ரோலிட்டருக்குச் சில ஆயிரம்தான். தட்டணுவோ ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. கிருமி ரத்தத்தில் நுழைந்தால் வெள்ளையணுவைவிட முதலில் இவற்றின் மேல் மோதத்தான் வாய்ப்பு அதிகம்.

கல்லீரலில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ரத்த நாளச் சுவரில், கிருமிகளைப் பிடித்து விழுங்கும் குப்ஃபர் செல்கள் உட்கார்ந்திருக்கும். தட்டணுக்கள் அவற்றைச் சாதாரண நாளிலும் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஒரு குப்ஃபர் செல் பாக்டீரியாவைப் பிடித்துவிட்டால், தொட்டுவிட்டுப் போகிற தட்டணு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருபவையும் சேர்ந்து கிருமியைச் சுற்றி மூடிவிடும். எலிகளில் இதை நேரடியாகப் படம்பிடித்து 2013-ல் வெளியிட்டார்கள். தட்டணுக்களை நீக்கிய எலிகள் தொற்றைத் தாங்கவில்லை.

வெள்ளையணுக்களை உசுப்பிவிடுவதும் இவைதான். கிருமியின் நச்சை உணர்ந்த தட்டணு, நியூட்ரோபில் என்ற வகை வெள்ளையணுவில் போய் ஒட்டினால், நியூட்ரோபில் தன் டி.என்.ஏ-வையே வலையாக வெளியே வீசும், கிருமிகள் அதில் சிக்கும். மலேரியாவிலோ, ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணுவோடு தட்டணு ஒட்டிக்கொண்டு, தன் துகள்களில் உள்ள பி.எஃப்.4 என்ற புரதத்தை விட்டு உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கிறது.

உறைய வைப்பதும் கிருமியைப் பிடிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்று நாம்தான் பாடத்தில் பிரித்து வைத்தோம். குதிரை லாட நண்டின் நீல ரத்தத்தில் ஒரே வகை அணு இரண்டையும் செய்கிறது. பாக்டீரியாவின் நச்சு பட்டதும் அங்கேயே உறைந்து, கிருமியை உள்ளே வைத்து அடைத்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொற்று கைமீறி செப்சிஸ் ஆகிவிட்டால் இதே உறைகட்டிகளும் வலைகளும் சிறு நாளங்களை அடைத்து உறுப்புகளைக் கெடுக்கும். ஐ.சி.யு.வில் தினமும் கவுன்ட் பார்ப்பது ரத்தக் கசிவுக்குப் பயந்து மட்டும் இல்லை. அது சரிந்துகொண்டே போனால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம்.

இனி தம்பி விஷயம். டெங்குவில் வைரஸ் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது, தட்டணுக்களிலும் ஒட்டுகிறது. அப்படி வைரஸ் ஒட்டியவற்றையும் எதிர்ப்புப் புரதம் படிந்தவற்றையும் உடல் வேகமாக அப்புறப்படுத்துகிறது. கவுன்ட் இறங்கியதும் வீட்டில் எல்லோரும் தட்டணு ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே போயும் ரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அதனால் ரத்தக் கசிவு குறையவில்லை என்று 2017-ல் முடிவு வந்தது. ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால் ரிப்போர்ட்டில் ஹெமட்டோகிரிட் என்ற வரியையும் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அது, நீர் கசிந்தால் ஏறும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், இதில் எது வந்தாலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சல் விட்ட சில நாளில் ஸ்லைடில் வழக்கத்தைவிடப் பெரிய தட்டணுக்கள் தென்படத் தொடங்கும். மஜ்ஜை புதிதாக அனுப்பியவை. மெஷினில் எண் ஏறுவதற்கு முன்பே சில சமயம் அவை என் கண்ணில் பட்டுவிடும். உடனே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.