அடைகாக்கும் தாய் உடலைக் குளிரவிடுமா?

கேள்வி: ஹம்மிங் பறவை இரவில் உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு கட்டைபோல் கிடக்குமாமே, அடைகாக்கும்போதும் அப்படிக் கிடந்தால் முட்டை என்னாவது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் அப்படிக் கிடக்காது. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் கூடுகட்டும் அகலவால் ஹம்மிங் பறவையைப் பாருங்கள். எடை மூன்றரை கிராம்தான். அங்கே கோடையிலும் விடியற்காலைக் குளிர் நடுக்கும். மற்ற நாள்களில் வயிறு காய்ந்தால், 40 டிகிரி உடல் சூட்டை மளமளவென்று இறக்கி இரவை ஓட்டிவிடும். இதைத்தான் டார்பர் என்கிறார்கள்.

முட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டால் கணக்கே வேறு. சூடு சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் கருவின் வளர்ச்சி நின்றுவிடும். ஓர் இரவு குளிர்ந்ததாலேயே கரு செத்துவிடாது; குஞ்சு பொரிவது தள்ளிப்போகும், அதுவரை அணிலுக்கும் காக்கை இனத்துக்கும் கூடு இலக்காகவே இருக்கும். நீண்ட நேரம் வெதுவெதுப்பாகவே கிடப்பது அதைவிடக் கெடுதல்: கருவின் உறுப்புகள் சீராக வளராமல் ஊனமாகும். ஆண் பறவை உதவிக்கு வராது. இரண்டு முட்டைக்கும் தாயின் சூடு மட்டும்தான்.

அதனால் அவள் வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறாள். சிலந்தி நூலும் பஞ்சும் சேர்த்துக் கிண்ணமாகக் கட்டிய கூட்டுக்கு நேர் மேலே ஒரு கிளை கவிந்திருக்கும். உடல் சூடு திறந்த வானத்துக்குப் போகாமல் அந்தக் கிளை தடுக்கும். அந்தி சாயும் நேரத்தில் தீனிப்பை நிறையத் தேன் குடித்துவிட்டு வந்து உட்காருவாள். மழை பெய்து அந்தக் கடைசி வேளைத் தேன் கிடைக்காமல் போனால்தான் சிக்கல். வில்லியம் கால்டரும் ஜோஆன் பூஸரும் 1973-இல் வெளியிட்ட கள ஆய்வில், அடைகாக்கும் பெட்டை டார்பருக்குள் போனது வெகு அபூர்வம். போனதும் மழை இரைதேடலைக் கெடுத்த நாள்களின் இரவில்தான்.

குஞ்சுகள் தம் உடல் சூட்டைத் தாமே காக்கத் தொடங்கியதும், தாய் இரவில் கூட்டைவிட்டு வேறிடத்தில் தங்குவாள். அதன் பிறகு டார்பருக்குத் தடையில்லை.

எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது. வட அமெரிக்காவின் பூர்வில் என்ற பக்கி இனப் பறவை, அடையிலிருக்கும்போதும் டார்பருக்குள் போவதற்குச் சான்று உண்டு.

கூட்டைக் கவனிக்கிறவர்கள் அந்தி வேளையில் அருகே போகவே கூடாது. தாய் பறந்துவிட்டால் இரவுக்கான தேன் வீணாகும். விடியலில் அசையாமல் இருந்தால் இறந்துவிட்டதென்று தொடாதீர்கள். உடல் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்கே சேமிப்பு நிறையக் கரையும்.