பழைய பிரெஞ்சு கண்ணாடி அலமாரி வாங்கலாமா? கேள்வி பதில்

பாரிஸ் அருகே பழம்பொருள் சந்தையில் ஒரு 'விட்ரீன்' (கண்ணாடி அலமாரி) பார்த்தேன். 'பதினைந்தாம் லூயி' என்கிறார் கடைக்காரர். அந்தப் பிரெஞ்சு அரசர் காலத்ததா?

அநேகமாக இல்லை. அவர் 1774இல் இறந்துவிட்டார். வரவேற்பறையில் பீங்கானையும் விசிறிகளையும் கண்ணாடிக்குள் அடுக்கிக் காட்டும் மோகம் பரவியதோ 19ஆம் நூற்றாண்டில். வளைந்த கால், உப்பிய வயிறு, கீழ்ப்பலகையில் காதலர் ஓவியம் எல்லாம் அவர் காலத்துப் பாணியைப் பின்பற்றிப் பிறகு செய்தவை. ரசீதில் 'style' என்றிருந்தால் அந்தப் பாணியில் செய்தது, 'époque' என்றிருந்தால் அந்தக் காலத்திலேயே செய்தது. எது என்று எழுதி வாங்குங்கள்.

பாணிப் பொருள் என்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட வேலைக்குப் பெயர்போன பாரிஸ் மரச்சாமான் கலைஞர் பிரான்சுவா லின்க், 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1900இன் பொருளுக்கு 1750இன் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

தச்சர் முத்திரை எங்கும் இல்லையே?

முத்திரை கட்டாயமாக இருந்தது பாரிஸ் தச்சர் சங்க விதிப்படி. அந்தச் சங்கங்கள் 1791இல் ஒழிக்கப்பட்டன. நூறாண்டுப் பழைய அலமாரியில் 18ஆம் நூற்றாண்டு முத்திரை பளிச்சென்று தெரிந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கண்ணாடி பழையதா என எப்படிக் கண்டுபிடிப்பது?

சாய்ந்து நின்று, அதில் தெரியும் சன்னல் கம்பியின் பிம்பத்தைப் பாருங்கள். லேசாக நெளிந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றைய மிதவைக் கண்ணாடி (float glass) 1959இல் அறிவிக்கப்பட்ட முறை; அதில் பிம்பம் நேராக நிற்கும். பக்கக் கண்ணாடி வளைந்ததென்றால் விரிசலை முதலில் தேடுங்கள். அச்சின் மேல் வைத்துச் சூளையில் இளக்கி வளைக்க வேண்டும். மாற்றும் செலவு கையைக் கடிக்கும்.

வெண்கல அலங்காரம் மங்கிவிட்டது. பித்தளை பாலிஷ் போடலாமா?

கூடவே கூடாது. மேலே இருப்பது பெரும்பாலும் மெல்லிய தங்க முலாம். பாலிஷில் உள்ள தேய்க்கும் பொருள் தங்கத்தையே உரித்துவிடும். மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும். கண்ணாடியில் நேரே தெளித்தால் வழிந்து முலாமுக்கும் மரத்துக்கும் போய்விடும்.

அம்மா சேர்த்த சங்கு, சோழிகளை உள்ளே வைக்க ஆசை.

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நல்ல வேளை நீங்கள் கேட்டீர்கள். இந்த அலமாரிகளின் உட்கூடு பெரும்பாலும் ஓக் மரம். வெளியே தெரிவது அதன் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. ஓக் பல்லாண்டுகளுக்குப் பிறகும் அசெட்டிக் அமில ஆவியைக் கசியவிடும். மூடிய கண்ணாடிக்குள் அது சேர்ந்து, சுண்ணாம்புச் சத்தாலான சங்கின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பளபளப்பு போனால் திரும்பாது. ஈயப் பொம்மைகளையும் அரிக்கும். உள்ளே விரித்திருப்பது கம்பளித் துணியானால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பீங்கானும் கண்ணாடிப் பொருளும் பொதுவாக இவற்றுக்கு அசையாது. சங்கைக் காற்றோட்டமான வேறிடத்தில் வையுங்கள்.

மேல்தகடு ஓரத்தில் எழும்பியிருக்கிறது. வெள்ளைப் பசை ஒட்டலாமா?

வேண்டாம். பழைய தச்சர்கள் பயன்படுத்தியது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகும், மறுபடி ஒட்டலாம். வெள்ளைப் பசை போட்டால் அடுத்துப் பழுது பார்ப்பவர் உங்களைத் திட்டுவார். முதலில் அலமாரியை ஹீட்டர் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். வறண்ட காற்றில் ஓக்கும் தகடும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால்தான் தகடு எழும்புகிறது. உள்ளே சூடாகும் பழைய குண்டு பல்பு இருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள்.

இதைச் சென்னைக்கு அனுப்ப முடியுமா?

மேல்தகட்டு மரம் பலவற்றில் ஈட்டி மரத்தின் இனமான தால்பெர்ஜியா. 2017 முதல் அந்த இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் (CITES) கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு தேவையா என்று கப்பல் முன்பதிவுக்கு முன்பே இரு நாட்டு அதிகாரிகளிடமும் கேட்டுவிடுங்கள்.