வர்ஜீனியாவில் அடிமை முறை எப்படி வேரூன்றியது? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியது பற்றியும் அதோடு சேர்ந்து வளர்ந்த அடிமை வணிகம் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கொலம்பஸ் 1492-லேயே போய்விட்டார். ஆங்கிலேயர் குடியேற ஏன் இத்தனை தாமதம், ஐயா?

பதில்: கப்பல் முன்பே போனது. 1497-ல் பிரிஸ்டலிலிருந்து கிளம்பிய ஜான் கபட் வட அமெரிக்கக் கரையைத் தொட்டுவிட்டார். ஆனால் போய் வருவது வேறு, குடியிருப்பது வேறு. 1587-ல் அந்தக் கரையோரம் உள்ள ரோனோக் தீவில் இறங்கிய ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு ஸ்பெயினுடன் நடந்த போரால் உதவிக் கப்பல் போய்ச் சேரவில்லை. 1590-ல் போய்ப் பார்த்தபோது ஆட்களே இல்லை. கம்பத்தில் செதுக்கிய 'குரோட்டோவன்' என்ற பக்கத்துத் தீவின் பெயர்தான் இருந்தது. பிறகு லண்டன் வணிகர்கள் பங்கு போட்டு வர்ஜீனியா கம்பெனியைத் தொடங்கினார்கள். 1607-ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு உருவானது.

கேள்வி: அங்கே பிழைப்பு எப்படி ஓடியது?

பதில்: முதலில் ஓடவில்லை. 1609-10 குளிர்காலத்தில் பெரும்பாலானவர்கள் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். காப்பாற்றியது புகையிலை. ஆனால் அதற்கு ஆள் பலம் வேண்டும். அதனால் 1618-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: கப்பல் செலவு கொடுத்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம். ஏழை ஆங்கிலேயர்கள் நாலு முதல் ஏழு வருஷம் வரை உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தார்கள். இப்படி அள்ளிக் கொடுத்த நிலம் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுடையது என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: 1619-ல் வந்த ஆப்பிரிக்கர்களும் ஒப்பந்தக் கூலிகள்தான் என்கிறார்களே, சரியா?

பதில்: ஒப்பந்தம் என்றால் சம்மதம் வேண்டும். இவர்கள் அங்கோலாவில் பிடிபட்டு, மெக்சிகோவுக்குப் போன போர்ச்சுகீசியக் கப்பலில் அடைக்கப்பட்டவர்கள். நடுவழியில் 'ஒயிட் லயன்' என்ற கொள்ளைக் கப்பல் அவர்களில் ஒரு பகுதியினரைப் பறித்துவந்து, இருபது பேருக்குச் சற்று அதிகமானவர்களை வர்ஜீனியாவில் உணவுப் பொருளுக்கு மாற்றிக்கொண்டது.

ஆனால் அப்போது அங்கே அடிமைச் சட்டம் என்று எதுவும் இல்லை. அதைத் துண்டுதுண்டாகக் கட்டினார்கள். 1640-ல் மூன்று வேலையாட்கள் ஒன்றாகத் தப்பி மேரிலாந்துக்கு ஓடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் சாட்டையடி. ஒரு டச்சுக்காரருக்கும் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் கூடுதலாக நாலு வருஷ வேலை. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு மட்டும் ஆயுள் முழுக்க அடிமை வேலை. குற்றம் ஒன்றேதான்!

கேள்வி: யாரும் நீதிமன்றம் போகவில்லையா அண்ணா?

பதில்: போனார்கள். எலிசபெத் கீ என்ற பெண் தன் தகப்பனார் ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்றவள் என்று வாதாடி 1656-ல் விடுதலை பெற்றார். ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளை தகப்பன் நிலையைத்தான் அடையும். ஆட்சியாளர்கள் அந்தக் கதவை அடைத்தார்கள். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று 1662-ல் சட்டம் வந்தது. ஞானஸ்நானத்தால் விடுதலை கிடையாது என்று 1667-ல் இன்னொன்று. முதல் சட்டத்தின் விளைவை யோசித்துப் பாருங்கள்: எஜமான் தன் அடிமைப் பெண்ணைக் கெடுத்தால், பிறக்கும் பிள்ளையும் அவனுக்கே சொத்து. இந்த வரலாற்றில் என்னை அதிகம் கொதிக்கவைப்பது இதுதான்.

கேள்வி: மொத்தம் எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள்?

பதில்: ஆப்பிரிக்காவில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இதில் வட அமெரிக்காவுக்கு நேரடியாகப் போனவர்கள் நாலு லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் பிரேசிலுக்கும் கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கும் போனார்கள்.

கேள்வி: இதில் நம் ஊருக்குத் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம். சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணியும் அதில் அடக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அதை லண்டனுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அது ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது.