மாண்டிசோரியில் தனித்தனிப் பாயில் உட்காரும் குழந்தைகள் நாலு பேரோடு பழகுவார்களா?

கேட்டவரின் கவலை இதுதான். இரண்டரை வயது மகனைச் சேர்க்கலாம் என்று ஒரு மாண்டிசோரிப் பள்ளியை (பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்துச் செய்து கற்கும் முறை) பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பாயை விரித்துக்கொண்டு, ஏதோ ஒரு பொருளை வைத்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்ததாம். கோரஸாக ரைம்ஸ் இல்லை, கூட்டமாக விளையாட்டு இல்லை. இப்படி வளர்ந்தால் பிள்ளை நாளைக்கு மற்றவர்களோடு ஒட்டுவானா என்று கேட்கிறார்.

நானும் இதே பயத்தோடுதான் ஆரம்பித்தேன். என் மகன் சென்னையில் இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை மாண்டிசோரியில் இருந்தான். இப்போது சாதாரணப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நான் ஆசிரியை இல்லை, வங்கியில் வேலை. ஒரு அம்மாவாக உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

பழகுவான். ஆனால் அங்கே பழக்கம் வருகிற வழி வேறு, முதல் தடவை போகிறவர் கண்ணில் அது படாது. எனக்கும் படவில்லை.

சேர்ப்பதற்கு முன் என்னை வகுப்பின் ஓரத்தில் ஒரு முக்காலியில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். பேசக்கூடாது, யாரையும் கொஞ்சக்கூடாது என்று நிபந்தனை. ஒரு பையன் பிங்க் டவர் அடுக்கிக்கொண்டிருந்தான். 10 மரக்கட்டைகள், பெரியது 10 செ.மீ., சின்னது 1 செ.மீ. அவன் பாய் ஓரத்தில் மூன்று வயது இருக்கும் இன்னொருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சரி, இப்போது அடிதடிதான் என்று நினைத்தேன். நின்றான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி நின்றான். முதலாமவன் அடுக்கி முடித்து, எட்டிப் பார்த்து ரசித்து, கலைத்து, ஒவ்வொரு கட்டையாகப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பாயைச் சுருட்டினான். அதற்கப்புறம்தான் இரண்டாமவன் போய்த் தன் பாயை எடுத்தான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். 'ஷேர் பண்ணு, குட் பாய்' என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், அந்த வகுப்பில் எல்லாப் பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பிங்க் டவர். வெளியே வந்து அங்கிருந்த அக்காவிடம் (ஆசிரியைகளைப் பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிடும்) இன்னொரு செட் வாங்கக்கூடாதா என்று கேட்டேன். "ரெண்டு வாங்கிட்டா அப்புறம் காத்திருக்க எங்கே கத்துக்கறதும்மா?" என்றார். பணம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிற்பாடுதான் தெரிந்தது, ஒவ்வொரு பொருளிலும் ஒன்று மட்டும் என்பது இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே வலியுறுத்தியது. அடுத்தவர் வேலையை மதிக்கவேண்டும் என்று உபதேசம் செய்யாமல், மதிக்காமல் நடக்கவே முடியாதபடி அறையை அமைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம் வயது. அங்கே எல்.கே.ஜி., யு.கே.ஜி. கிடையாது. இரண்டரையிலிருந்து ஆறு வரை ஒரே அறை. இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் ஏதோ இருக்கும் என்று நினைத்தால், ஆரம்பம் சாதாரணமானது. ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி, படிக்கட்டைக் கெடுத்துக்கொண்டு திரிந்தார்கள். கட்டடத்துக்காரர்கள் அவர்களை ஒரு அறையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். சுமார் 50 பிள்ளைகள், பள்ளி வயதுக்குக் கீழ் இருந்த எல்லோரும் ஒன்றாக. மருத்துவரான மரியா மாண்டிசோரிக்கு 1907 ஜனவரியில் கிடைத்தது அந்த அறைதான். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் காட்டுவதும், சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்வதும் அங்கே அவர் கண்டது.

இதை என் மகனிடம் பார்த்த கதையைச் சொல்கிறேன். முதல் நாலு மாதம் அவன் எதையும் தொடவில்லை. தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்ன பண்ணே?" என்று கேட்பேன். "பாத்தேன்" என்பான். மறுநாளும் "பாத்தேன்." கட்டின ஃபீஸ் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்காவிடம் போனால், "பாக்கறதும் வேலைதான், விடுங்க" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோரைப்பாயை எடுத்து விரித்தான். இரண்டு டம்ளர், கொஞ்சம் துவரம்பருப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, சிந்தின நாலு பருப்பை விரலால் பொறுக்கிப் போட்டு, பாயை இரு பக்கமும் தட்டித்தட்டி ஓரம் சமமாகச் சுருட்டி வைத்தான். பள்ளியில் அதை அவன் ஒருநாளும் செய்ததில்லையாம். நாலு மாதம் மற்றவர்களைப் பார்த்தே வந்திருக்கிறது.

மூன்றாம் வருடத்தில் அவன் பெரியவன். ஜூனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பாப்பா வாசலை விட்டு நகராமல் அழுதுகொண்டிருந்தாளாம். இவன் போய்ச் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பருப்பு ஊற்றும் தட்டை எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவள் கை நீண்டது. பெற்றோர் சந்திப்பில் அக்கா இதைச் சொன்னபோது நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சொல்லிக்கொடுப்பதால் சொல்லிக்கொடுப்பவனுக்கே லாபம் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அவனுக்கு ழகரமும் ளகரமும் ரொம்ப நாள் குழப்பம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் கற்பது அங்கே முறை. ஒரு சின்னப் பையனுக்கு 'ழ' தடவிக் காட்டப் போய், தன் நாக்கு தப்பு செய்வதை இவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டான். நான் ஆறு மாதம் கத்தியும் நடக்காத காரியம்.

எல்லாமே தேன் என்று நினைக்கவேண்டாம். ஐந்து வயதுக்காரர்களுக்கு அதிகாரம் தலைக்கேறும். வீட்டுக்கு வந்த சித்தி மகளைப் பாய் சரியாகச் சுருட்டவில்லை என்று மூன்று தடவை சுருட்டவைத்து அழவிட்டான்.

என் மாமியாருக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பெருக்கவும் பாத்திரம் கழுவவும் கத்துக்கறதுக்கா இவ்வளவு பணம் கட்டறீங்க?" என்றார். அவரை மடக்கியது வாழைப்பழம். கை கழுவி, ஏப்ரன் கட்டி, பழத்தைத் தோலுரித்து, மழுங்கின கத்தியால் துண்டு போட்டு, தட்டில் வைத்து வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய் "வேணுமா?" என்று கேட்கவேண்டும். இது அங்கே ஒரு வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்த ஒருநாள் இவன் அதேபோல் தட்டோடு வந்து நின்றான். வந்தவர் வேண்டாம் என்றார். "சரி" என்று அடுத்தவரிடம் போய்விட்டான். மாமியார் ஆச்சரியப்பட்டது தட்டைப் பார்த்து இல்லை, அந்த 'சரி'யைக் கேட்டு. நம் வீடுகளில் வேண்டாம் என்ற சொல்லை யார் மதிக்கிறோம்? வாயில் திணித்துவிட்டுத்தானே விடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது மௌன விளையாட்டு. மாண்டிசோரி ஒருநாள் துணியில் சுற்றிய நாலு மாதக் குழந்தை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தாராம். இதைப் போல அசையாமல் இருக்க முடியுமா, மூச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லையே என்று பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்ல, அவர்கள் நிஜமாகவே அடங்கிப்போனார்கள். அதிலிருந்து பிறந்தது இது. எல்லோரும் சத்தமே இல்லாமல் உட்காருவார்கள். அக்கா அடுத்த அறையிலிருந்து மெல்லிய குரலில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் ஓசைப்படாமல் எழுந்து போகவேண்டும். ஒரே ஒரு ஆள் சிரித்தாலும் மௌனம் போச்சு. முப்பது பேரும் சேர்ந்தால்தான் அது உண்டாகும். சேர்ந்து ரைம்ஸ் பாடவில்லையே என்று கேட்டீர்கள் அல்லவா, சேர்ந்து செய்கிற காரியத்தில் இதைவிடப் பெரியதை நான் பார்த்ததில்லை. கடைசிப் பேருக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் முகத்தை ஒருநாள் பாருங்கள்.

ஆராய்ச்சி கேட்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து அரசுப் பள்ளிகளில் மாண்டிசோரி இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஏஞ்சலின் லில்லார்ட் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து 2006-ல் சயின்ஸ் இதழில் எழுதினார். ஐந்து வயது மாண்டிசோரிப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கூடுதலாகச் சேர்ந்து விளையாடினார்கள். சண்டை வரும் சூழலில் என்ன செய்வாய் என்று கேட்டபோது நியாயம் பேசித் தீர்க்கும் பதில்கள் அவர்களிடம் அதிகம் வந்தன. சிறிய ஆய்வுதான்.

இது ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்காக: மாண்டிசோரி 1939 கடைசியில் பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மகன் மாரியோவைக் காவலில் வைத்தது, அம்மாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போக விடவில்லை. அவருடைய 70-வது பிறந்தநாளுக்குப் பரிசாகத்தான் மகனை விடுவித்தார்கள். அதன்பின் சுமார் இரண்டு வருடம் கொடைக்கானல். பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்த ஒரு சிறு பள்ளி அங்கே நடந்தது. ஆறு வயதுக்கு மேலான பிள்ளைகளுக்கான அவரது முறை விரிந்தது அங்கேதான்.

பெற்றோர் பக்கமும் ஒரு கூட்டு வாழ்க்கை உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை உப்புத்தாள் வெட்ட, படச்சீட்டு ஒட்ட எங்களைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் எங்களையே பிள்ளைகள் இடத்தில் உட்காரவைத்துத் எண் கற்பிக்கும் தங்கநிற மணிகளைக் கொடுத்தார்கள். ஒரு மணி என்றால் ஒன்று, பத்து கோத்த கம்பி, நூறின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம். ஒற்றை மணியையும் ஆயிரத்தையும் இரண்டு கையில் ஏந்தினபோதுதான், தினமும் லட்சக்கணக்கில் எண்ணுகிற எனக்கு எண்ணின் கனம் உறைத்தது. அதே நாளில் இரண்டு அப்பாக்கள் ஒரே தட்டை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்ததையும் சொல்லியாகவேண்டும். காத்திருக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் ஐந்து வயதுக்காரர்கள் மட்டும்தான்.

இரண்டு எச்சரிக்கை. மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நாங்கள் முதலில் பார்த்த ஒரு இடத்தில் பிங்க் டவர் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தது. பிள்ளைகள் வயதுவாரியாக பெஞ்சில் உட்கார்ந்து ஏ ஃபார் ஆப்பிள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது, வெளியே வரும்போது படும் பாடு. ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாற்றினோம். மூன்றாவது வாரமே டைரியில் குறிப்பு வந்தது: தேர்வின்போது பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கேட்டால், "அவனுக்குத் தெரியலம்மா, நான் காட்டினேன்" என்றான். மூன்று வருடம் எதைப் பார்த்து நான் பூரித்தேனோ, அதற்குப் பெயர் இங்கே காப்பி. தேர்வு நேரத்தில் காட்டக்கூடாது, மற்ற நேரத்தில் காட்டலாம் என்று புரியவைக்க அரை வருடம் ஆனது. பெல் அடித்ததும் பாதியில் விட்டுவிட்டு எழுவது இன்றும் அவனுக்கு எரிச்சல்.

நீங்கள் இன்னொரு தடவை போங்கள். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு, வேலை சூடு பிடித்திருக்கும் நேரத்தில். பொருள்களைப் பார்க்கவேண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளை மட்டும் பாருங்கள். யாராவது தண்ணீரைக் கொட்டினால் முதலில் துணியோடு ஓடுவது யார் என்று கவனியுங்கள். ஆசிரியை ஓடினால் வேறு பள்ளி தேடுங்கள். பிள்ளைகள் ஓடினால் தைரியமாகச் சேருங்கள். முதல் நாலு மாதம் "பாத்தேன்" என்றுதான் பதில் வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.