மூன்று வாரச் சாப்பாட்டோடு போன படை

கேள்வி: கொழும்பில் கொள்கலன் அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே பாதுகாப்புக் கற்கை படிக்கிறேன். ‘தேசிய இராணுவ மூலோபாயத்தில் லொஜிஸ்டிக்ஸின் பங்கு’ என்று ஒப்படை தந்திருக்கிறார்கள். தளபதிகள் முடிவெடுத்த பிறகு சாமான் அனுப்புவதுதானே அது? எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: “முடிவெடுத்த பிறகு” என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று பேசும் மேசையிலேயே வழங்கல் (லொஜிஸ்டிக்ஸ்) அதிகாரியும் இருக்க வேண்டும்.

1944 மார்ச்சில் ஜப்பானியர் பர்மாவிலிருந்து, பிரித்தானியர் வசமிருந்த வடகிழக்கு இந்திய நகரான இம்பாலை நோக்கிப் புறப்பட்டார்கள். தளபதி முத்தகுச்சியின் படை கொண்டுபோனது ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலைப் பிடித்து, பிரித்தானியரின் களஞ்சியங்களிலிருந்தே சாப்பிடலாம் என்பது கணக்கு. சுமை தூக்கவும் இறைச்சிக்குமாக மாடுகளையும் ஓட்டிப்போனார்கள். பல மாடுகள் பர்மாவின் சின்ட்வின் ஆற்றோடு போயின. முற்றுகைக்குள் இருந்த பிரித்தானிய இந்தியப் படைக்கோ விமானத்தில் உணவும் வெடிபொருளும் வந்துகொண்டே இருந்தன. மழையும் பிடித்துக்கொண்டது. ஜூலையில் ஜப்பானியர் பின்வாங்கியபோது, சண்டையில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்களே அதிகம்.

பர்மாவிலிருந்த தங்கள் படைக்குச் சாமான் போகத்தான் ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையைப் போட்டார்கள். மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கப்பல்களுக்கு நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்து. அதனால் காட்டுக்குள் 415 கிலோமீற்றர் பாதை, 1943 ஒக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டார்கள். வழங்கல் பாதையின் விலையை எழுதும்போது அவர்களையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மனதை உறுத்தும் விஷயம்.

சரி, உங்கள் தொழிற்கணக்குக்கு வருவோம். ஒரு முகாமுக்கு நாளுக்கு 20 தொன் வேண்டும் என்று வையுங்கள். ஒரு லொறி 5 தொன் ஏற்றும், போய்வர இரண்டு நாள். அப்போது 8 லொறி போதும். படை முன்னேறி, தூரம் இரட்டித்தால் 16. பழுதாகிக் கிடப்பவை, லொறிகளுக்கே வேண்டிய டீசல், சாரதிகளின் சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்.

நாட்டளவில் இந்தக் கணக்கு துறைமுகம், எண்ணெய்த் தாங்கி, அந்நியச் செலாவணி வரை நீளும். திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் சுமார் 100 தாங்கிகளைக் கட்டியது தங்கள் கடற்படையை மனதில் வைத்துத்தான். ஆனால் தாங்கி மட்டும் போதாது. 2022 இல் எரிபொருள் கப்பல் வந்து நின்றும், கட்ட டொலர் இல்லாமல் இறக்க முடியாமற்போனதை நாமே பார்த்தோம்.

ஒப்படைக்கு இம்பாலையே எடுங்கள். வரைபடத்தில் ரங்கூனிலிருந்து இம்பால்வரை கோடு போட்டு, ரயில் எங்கே முடிகிறது, லொறி எங்கே நிற்கிறது, மாடு எங்கே தொடங்குகிறது என்று குறியுங்கள். அப்புறம் ஒவ்வொரு இடத்தையும் நாளுக்கு எத்தனை தொன் கடக்கும் என்று பாருங்கள். ஆகக் குறைவாக எங்கே வருகிறதோ, அந்த இடத்தைப் பற்றி உங்கள் முதல் பந்தியை எழுதுங்கள்.