மலத்தை விடுங்கள், சிறுநீரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. முழங்கால் மூட்டுவலிக்காக இரண்டு மாதமாக, மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) கேப்சூல் சாப்பிடுகிறேன். மலம் மஞ்சளாகப் போகிறது, ஏப்பம் வருகிறது. மஞ்சள் கல்லீரலைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து பயம். சத்து உடம்பில் சேர இன்னும் மிளகும் நெய்யும் சேர்க்கலாமா?

பதில்: மலம் மஞ்சளாகப் போவது காமாலை இல்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது. விழுங்கியதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே வருகிறது, அவ்வளவுதான். பித்தம் குடலுக்கு வராத காமாலையில் மலம் வெளிறிப்போகும். ஏப்பத்தையும் மறந்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது சிறுநீர். காலையில் முதல் தடவை எல்லோருக்குமே கொஞ்சம் அடர்ந்துதான் இருக்கும். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் பளிச்சென்று மஞ்சளாகும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு, மத்தியானத்திலும் பால் சேர்க்காத டீ நிறத்தில் போனால் அன்றே கேப்சூலை நிறுத்துங்கள். கூடவே சாப்பாட்டைக் கண்டால் குமட்டலோ, உடம்பெல்லாம் அரிப்போ இருந்தால் மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே சிறுநீர் நிறம் மாறிவிடும்.

வீடியோ பாதி உண்மையைச் சொல்கிறது. மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார். இது அரிது. வந்தால் பெரும்பாலும் ஆரம்பித்த ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் வருகிறது. நிறுத்தினால் அநேகமாகச் சரியாகிவிடும். உங்கள் சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இதில் பங்கில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இருப்பது பல டீஸ்பூன் தூளுக்குச் சமம்.

இன்னும் மிளகா? வேண்டவே வேண்டாம். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் குர்குமின் சேர்வது 20 மடங்கு கூடியது. டப்பாக்களில் போடுகிற விளம்பரம் அதிலிருந்து வந்ததுதான். பைப்பரின் குர்குமினைக் கரைப்பதில்லை. குடலும் கல்லீரலும் அதை மாற்றிக் கழித்துவிடும் வேலையைத் தடுக்கிறது. அதே தடை மற்ற மாத்திரைகளுக்கும் விழும். வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் இந்தக் கேப்சூலைத் தொடவே கூடாது. ரசத்து மிளகு, சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும்.

மூட்டுவலிக்கு யாரைக் கேட்டு இதை ஆரம்பித்தீர்கள்? சிறுநீர் நிறம் எப்படி இருந்தாலும் இப்போதே நிறுத்துங்கள். இரண்டு மாதமாகிவிட்டதால் கல்லீரலுக்கான எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். அப்புறம் முழங்காலை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சி நல்ல பலன் தரும். போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், மஞ்சள்தானே என்று பலர் இதைச் சொல்வதே இல்லை.